மப்பு நாளில் கமராவைப் பூட்டி வைக்காதீர்கள்

புலம்பெயர்ந்த நம் வீடுகளின் பட ஆல்பங்களைப் புரட்டிப் பாருங்கள். லண்டனோ ஒஸ்லோவோ ரொறன்ரோவோ, எல்லாவற்றிலும் ஒரே பருவம்தான். ஆடி மாதத்துப் பூங்கா, தேர்த்திருவிழா, கடற்கரை. வேலைக்கு ஓடியதும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டதும், பஸ் தரிப்பிடத்தில் விறைத்து நின்றதும் அங்கே இல்லை. அவை நடந்தது மப்பும் மந்தாரமுமான நாட்களில். "வெயில் வரட்டும், எடுப்பம்" என்ற ஒரு வசனம் வருடத்தின் பாதியை விழுங்கிவிட்டது.

அந்த வசனம் ஒரு காலத்தில் சரியானதுதான். கொடாக் நிறுவனம் 120 பிலிமை 1901இல் கொண்டுவந்தது. அன்றைய பிலிம் மந்தமானது. பெட்டிக் கமராவில் மாற்றுவதற்கும் அதிகம் எதுவுமில்லை. சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து எடு என்பதைத் தவிர வேறு புத்திமதி சொல்ல வழியிருக்கவில்லை. பிறகு பிலிம் வேகமாகிவிட்டது. புத்திமதி மட்டும் அப்படியே நிற்கிறது. பிளாஸ்டிக் ஹொல்காவும் பழைய அக்ஃபா கிளிக்கும் வெயிலுக்கு மட்டுமே என்று இன்றும் அடித்துச் சொல்பவர்கள் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100 பிலிமுக்கு எஃப் 16 துவாரமும் நூறில் ஒரு விநாடியும் போதும். சீரான மப்பில் வெளிச்சம் ஏறக்குறைய காற்பங்காகிறது. பல பெட்டிக் கமராக்களின் துவாரம் எஃப் 11 அளவு, ஷட்டர் ஐம்பதில் ஒரு விநாடி அளவு. இந்த இரண்டும் சேர்ந்து பிலிமுக்குக் கொடுப்பது வெயிலுக்குத் தேவையானதைப்போல நான்கு மடங்கு. அதாவது மப்புக்குக் கச்சிதமான அளவு. இல்ஃபோர்ட் எச்பி5 போன்ற 400 பிலிமைப் போட்டால், மப்பு இன்னும் இருண்டு வெளிச்சம் மறுபடி காற்பங்கானாலும் படம் விழும். அதே பிலிமுக்கு நடுவெயிலில் தேவைக்குப் பதினாறு மடங்கு வெளிச்சம் போய்ச் சேர்கிறது. நெகற்றிவ் அதைப் பொறுத்துக்கொள்வது அதன் பெருந்தன்மை. எளிய கமராவுக்குத் தொல்லை தருவது வெயிலே தவிர மப்பு அல்ல.

முகத்தைப் பற்றியும் பேச வேண்டும். வட அமெரிக்க ஆய்வுகூடங்கள் பல பத்தாண்டுகளாக நிறத்தைச் சரிபார்த்தது வெள்ளைப் பெண்களின் முகம் பதிந்த 'ஷேர்லி' அட்டைகளை வைத்துத்தான். வெள்ளை வேட்டியும் கறுத்த முகமும் உச்சிவெயிலில் ஒரே படத்தில் வந்தால், ஒன்று வேட்டி வெளிறிப்போகும், இல்லையேல் கண் குழிக்குள் இருட்டிவிடும். மப்பு நாளில் வானம் முழுவதும் ஒரே விளக்காகிறது. நெற்றிச் சுருக்கமும் கன்னத்தின் மினுக்கமும் சேலையின் நெசவும் ஒன்றையொன்று அடிக்காமல் பதிகின்றன. ஆறுக்கு ஆறு நெகற்றிவின் பரப்பு 35 மி.மீ. பிலிமைப்போல மூன்றரை மடங்குக்கும் மேல். அந்தச் சாம்பல் நிறங்களுக்கு அங்கே தாராளமாக இடமுண்டு. ஜேர்மனியின் பெர்ன்ட் பெஹரும் ஹில்லா பெஹரும் நீர்த்தாங்கிகளையும் சுரங்கக் கோபுரங்களையும் மப்பு வானத்துக்குக் காத்திருந்து எடுத்தார்கள். அவர்களுடையவை பெரிய கமராக்கள். ஆனால் வெளிச்சம் அதே வெளிச்சம்தான்.

"கைபேசி இருக்கிறதே" என்பார்கள். கைபேசி இருட்டைக் கண்டதும் தானாக வெளிச்சமாக்கிவிடுகிறது. கார்த்திகை மாதத்துப் பின்னேரம் கார்த்திகைபோல இருப்பதில்லை. இன்னொரு பக்கம், ஒளிக்கசிவையும் மங்கிய மூலைகளையும் அலங்காரமாக வாங்கும் இளைஞர்கள். அவர்களுக்கு எளிய கமரா ஒரு பழங்கால வேடம். இந்த இரண்டு கூட்டமும் எதிரில் நிற்பவரைப் பார்ப்பதில்லை.

செலவு உண்மைதான். பிலிமும் கழுவும் கூலியும் ஏறிவிட்டன. ஒரு சுருளில் பன்னிரண்டே படங்கள். ஆனால் பன்னிரண்டு என்பது ஒரு மாதத்துக்குப் போதும். முழங்கைகளை விலாவோடு ஒட்டுங்கள், சுவரில் சாய்ந்து மூச்சை அடக்குங்கள். வெளிறிய வானத்தை வெட்டிவிட்டு இரண்டு மீற்றர் வரை கிட்டப் போங்கள். மார்கழியில் ஒஸ்லோவில் பின்னேரம் மூன்று மணிக்கு இது நடக்காது. மத்தியானத்தில் நடக்கும்.

சேலைக்கு மேல் தடித்த ஜக்கெற் போட்டுக் கடைக்குப் போகும் அம்மம்மாவை எடுங்கள். இரவு வேலை முடித்து வரும் அண்ணாவை, நனைந்த பஸ் தரிப்பிடத்தை, பனி அள்ளும் சித்தப்பாவை எடுங்கள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று காட்ட, கோடைக்காலப் பூங்காப் படங்கள் காணாது.