ஓடிபி சொன்னவர் மட்டும்தான் குற்றவாளியா?

2022 ஜனவரி 10 அன்று, 60 வயதைக் கடந்த இணைநோயாளிகளுக்கு ‘முன்னெச்சரிக்கைத் தவணை’ என்ற பெயரில் மூன்றாவது கரோனா தடுப்பூசி போடும் பணி தொடங்கியது. கூடவே தொலைபேசி அழைப்புகளும் தொடங்கிவிட்டன. “ஹெல்த் டிபார்ட்மென்ட்ல இருந்து பேசுறோம் சார். ரெண்டு டோஸும் போட்டாச்சா? எந்த மாசம் போட்டீங்க? அப்படீன்னா பூஸ்டருக்கு நேரம் வந்தாச்சு. நாளைக்குக் காலையில ஸ்லாட் இருக்கு, உங்க பேரைப் போட்டுடவா? இப்ப உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும், அதை மட்டும் சொல்லுங்க.” குரலில் அதட்டல் இல்லை, அவசரம்கூட இல்லை. ஆறு இலக்க எண்ணும் வந்தது. வந்தது தடுப்பூசிப் பதிவுக்கான கோவின் தளத்திலிருந்து அல்ல, வங்கியிலிருந்து.

அந்தத் தவணைக்குப் புதிதாகப் பதிவு செய்ய வேண்டிய தேவையே இல்லை. பழைய கோவின் கணக்கே போதும், மையத்துக்கு நேரே போயும் போட்டுக்கொள்ளலாம், மருத்துவர் சான்றிதழ்கூட வேண்டாம் என்று மத்திய அரசு சொல்லியிருந்தது. ஆனால், அறிவிப்பு நாளிதழில் ஒரு பத்தியாக வந்தது. மோசடிக்காரன் நேரே வீட்டுக்குள் வந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசினான்.

பணம் போன பிறகு, வீட்டிலும் வங்கியிலும் காவல் நிலையத்திலும் முதலில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: “ஓடிபியை ஏன் சொன்னீங்க?” கேள்வி நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால், அந்த ஆண்டுகளில் முதியவர்களை ஓடிபி சொல்லப் பழக்கியது யார் என்று யாரும் கேட்பதில்லை.

2021 மே 8 முதல் கோவினில் நான்கு இலக்க ரகசியக் குறியீடு ஒன்று நடைமுறைக்கு வந்தது. இணையத்தில் பதிந்து ஊசி போட வருபவர் அதை மையத்தில் கணினி முன் இருப்பவரிடம் சொல்ல வேண்டும். சொன்னால்தான் ஊசி பதிவாகும். தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகக் கிடக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனைக் கண்ணருகே கொண்டுபோய், எழுத்துக் கூட்டி எண்ணை உரக்கப் படிக்கும் பெரியவரை அந்த மையங்களில் பார்க்காதவர் இருக்க முடியாது. படிக்கத் தெரியாதவர் போனையே நீட்டிவிடுவார். 2020 நவம்பரிலிருந்து பல நகரங்களில் காஸ் சிலிண்டர் கொண்டுவருபவரிடமும் ஓர் எண்ணைச் சொல்ல வேண்டியிருந்தது. ஊரடங்கில் மருந்தும் மளிகையும் வாசலுக்கு வந்தபோது, கொண்டுவந்த பையன்களும் எண் கேட்டார்கள். இத்தனை பேரிடமும் சொல்லலாம், சொல்லியே ஆக வேண்டும். ஆனால், அதே போனுக்கு அதே வடிவில் ஆங்கிலத்தில் வரும் இன்னோர் எண்ணை மட்டும் உயிரே போனாலும் சொல்லக் கூடாது. எந்த எண் எந்த வகை என்று ஒரு நொடியில் பிரித்தறியும் பொறுப்பை எழுபது வயதுக்காரர் தலையில் கட்டிவிட்டு, தவறினால் ‘விழிப்புணர்வு இல்லை’ என்கிறோம்.

பெருந்தொற்று இன்னொன்றும் செய்தது. முதியவர்களைச் சுற்றி இயல்பாகவே இருந்த தடுப்புகளை அகற்றியது. வங்கிக் கிளையில் பெரிய தொகையை எடுக்கப் போனால் காசாளர் தலைநிமிர்ந்து பார்ப்பார். “இவ்வளவும் எதுக்குங்கய்யா? பையனுக்குத் தெரியுமா?” என்று கேட்பார். சட்டத்தில் இடமில்லாத கேள்விதான், கொஞ்சம் அத்துமீறலும்கூட. ஆனாலும் எத்தனையோ பேரின் சேமிப்பை அந்தக் கேள்வி காப்பாற்றியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர், பேத்தி, பூங்காவில் கூட நடக்கும் நண்பர் என்று கேட்டுத் தெளிய ஆட்கள் இருந்தார்கள். தனித்திரு என்ற அறிவுரை அவர்களையெல்லாம் தள்ளி வைத்தது. அதே வாரங்களில்தான் பெங்களூரிலோ நியூஜெர்சியிலோ இருக்கும் பிள்ளைகள் வீடியோ காலிலேயே அப்பாவின் போனில் பணம் அனுப்பும் செயலியைப் போட்டுக் கொடுத்தார்கள். மின்கட்டணம் கட்டச் சொல்லிக் கொடுத்தார்கள். அன்றாட உச்சவரம்பைக் குறைத்து வைக்கலாம் என்று எத்தனை பேர் சொல்லிக் கொடுத்தார்கள்?

மோசடிக்காரர்கள் ஒவ்வோர் அரசு அறிவிப்பையும் பின்தொடர்ந்தார்கள். 2020 மார்ச் இறுதியில் பிரதமரின் பெயரில் நிவாரண நிதி அறிவிக்கப்பட்ட சில நாட்களிலேயே, அதன் யுபிஐ முகவரியில் ஓர் எழுத்தை மட்டும் விட்டுவிட்டுப் போலி முகவரிகள் முளைத்தன. ரிசர்வ் வங்கி மார்ச் 27 அன்று கடன் தவணைகளுக்கு மூன்று மாத அவகாசம் கொடுத்தது. ஏப்ரலில் ‘தவணையைத் தள்ளி வைக்க ஓடிபி சொல்லுங்கள்’ என்ற அழைப்புகள் வந்தன. தடுப்பூசிப் பதிவு வந்ததும் கோவின் பெயரில் போலிச் செயலிகள். கோவினில் பதிந்தவர்களின் விவரங்கள் டெலிகிராமில் கிடைப்பதாக 2023 ஜூனில் செய்தி வந்தபோது, தளத்திலிருந்து எதுவும் கசியவில்லை என்று மத்திய அரசு மறுத்தது. எங்கிருந்து கசிந்தால் என்ன? நம் பெயரும் ஊசி போட்ட தேதியும் தெரிந்த ஒருவன் அழைத்தால், ‘கவர்மென்ட் ஆள்தான்’ என்று நம்பாமல் இருப்பது கடினம்.

போன் தொடர்பே இல்லாத மோசடிகளும் உண்டு. மும்பை காந்திவலியில் ஓர் அடுக்ககத்தில் 2021 மே 30 அன்று தடுப்பூசி முகாம் நடந்தது. தலைக்கு 1,260 ரூபாய் கொடுத்து 390 பேர் போட்டுக்கொண்டார்கள். யாருக்கும் காய்ச்சல் இல்லை, கைவலி இல்லை. கோவினிலிருந்து குறுஞ்செய்தியும் வரவில்லை. பிறகு வந்த சான்றிதழ்களில் வேறு வேறு மருத்துவமனைகளின் பெயர்கள். அப்போதுதான் சந்தேகம் எழுந்து காவல் துறைக்குப் போனார்கள். அடுத்த மாதம் கொல்கத்தாவின் கஸ்பாவில், ஐஏஎஸ் அதிகாரியாக நடித்த ஒருவர் நடத்திய முகாமில் நாடாளுமன்ற உறுப்பினர் மிமி சக்ரவர்த்தியே ஊசி போட்டுக்கொண்டார். குறுஞ்செய்தி வராததால்தான் அவருக்கும் ஐயம் வந்தது. புட்டிகளின் லேபிளைக் கிழித்துப் பார்த்தால், அடியில் அமிகாசின் என்ற ஆன்டிபயாடிக்கின் பெயர் இருந்தது. நாடாளுமன்ற உறுப்பினரையே ஏமாற்ற முடிகிற இடத்தில், முதியவர்களுக்குக் கணினி அறிவு போதவில்லை என்று பேசுவது பொருத்தமாக இல்லை. இரண்டு இடங்களிலும் மோசடியைக் காட்டிக்கொடுத்தது, வர வேண்டிய செய்தி வராததும் வந்த சான்றிதழ் பொருந்தாததும்தான். அதாவது, ஏமாந்தவரின் சாமர்த்தியத்தைவிட அமைப்பில் இருந்த ஒரு சின்ன ஏற்பாடு அதிகம் உதவியிருக்கிறது. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ரெம்டெசிவிர் கதையைச் சென்னை மறந்திருக்காது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கரோனா நோயாளிகளுக்கு அந்த மருந்தைப் பரிந்துரைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லிவிட்டது. ஆனாலும், 2021 ஏப்ரல், மே மாதங்களில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி வாசலிலும் பிறகு நேரு விளையாட்டரங்கிலும் மருத்துவரின் சீட்டைக் கையில் பிடித்தபடி இரவு பகலாக மக்கள் நின்றார்கள். வரிசையில் கிடைக்காதவர்கள் கள்ளச் சந்தைக்குப் போனார்கள். முன்பணத்தை அனுப்பிய பிறகு எதிர்முனையின் எண் அணைந்துவிட்டதைக் கண்டார்கள். அப்பாவோ அம்மாவோ மூச்சுக்குத் திணறும்போது எந்தப் பிள்ளையும் ‘இது போலியாக இருக்குமோ’ என்று நிதானமாக யோசிக்காது. 

ஆக, ‘எச்சரிக்கையாக இருங்கள்’ என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு அடுத்த பெருந்தொற்றைச் சந்திக்க முடியாது. ஆனால், நம் விதிகளோ இந்த வரியின் மீதுதான் நிற்கின்றன. மின்னணுப் பணப் பரிமாற்ற மோசடிகளில் யாருக்கு எவ்வளவு பொறுப்பு என்பதை ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் வகுத்தது. வங்கி மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாமல் மூன்றாம் தரப்பால் பணம் போயிருந்து, மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை. ஏழு வேலை நாட்கள் வரை ஓர் அளவோடு இழப்பு. நல்ல விதிதான். அடுத்த வரியில்தான் முதியவர்கள் விழுகிறார்கள்: ரகசிய விவரத்தைப் பகிர்ந்தது போன்ற கவனக்குறைவு இருந்தால், புகார் செய்யும் வரையிலான முழு இழப்பும் வாடிக்கையாளரையே சேரும். ஏமாற்றிப் பிடுங்கப்பட்டதும் அலட்சியமாகக் கொடுத்ததும் இந்த வரியின் கண்ணுக்கு ஒன்றுதான். ஆளை மிரட்டியோ மயக்கியோ அவரே பட்டனை அழுத்தி அனுப்பும்படி செய்துவிட்டால், அது ‘அனுமதியில்லாத பரிமாற்றம்’ என்ற வரையறைக்குள் வருவதே சந்தேகம்.

பிரிட்டன் வேறு வழியில் போயிருக்கிறது. 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டுத் தானே பணம் அனுப்பியவருக்கும் 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தத் தொகையை அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் பாதிப் பாதியாக ஏற்க வேண்டும். வாடிக்கையாளர் படுமோசமான அலட்சியம் காட்டியிருந்தால் வங்கி மறுக்கலாம். ஆனால், உடல்நலக் குறைவாலோ வாழ்க்கையில் விழுந்த பேரிடியாலோ நலிந்து, அதனாலேயே ஏமாந்தவர்களிடம் அந்தச் சாக்கைச் சொல்ல முடியாது. பெருந்தொற்றில் தனியாக வீட்டில் கிடந்த ஒரு முதியவரைவிட இந்த விவரிப்புக்குப் பொருத்தமானவர் யார்?

‘திரும்பக் கிடைக்கும் என்று தெரிந்தால் மக்கள் கவனமில்லாமல் நடப்பார்கள்’ என்று நம் வங்கியாளர்கள் சொல்வார்கள். வாழ்நாள் சேமிப்பை அப்படி யாரும் விளையாட்டாகத் தூக்கிக் கொடுப்பதில்லை. பெற்ற வங்கிக்கும் பாதிப் பொறுப்பு என்பதுதான் இதில் முக்கியம். திருடிய பணம் காற்றில் மறைவதில்லை. ஏதோ ஒரு கிளையில், ஆதாரும் பானும் கொடுத்துத் திறந்த ஒரு கணக்கில் போய் விழுகிறது. கமிஷனுக்காகத் தன் கணக்கை வாடகைக்கு விட்ட ஒருவருடைய பெயரில் அது இருக்கும். நேற்று வரை சில நூறு ரூபாய் இருந்த கணக்கில் இன்று பத்து லட்சம் வந்து, மதியத்துக்குள் நாலு திசையிலும் சிதறுகிறது. அந்த வங்கிக்கும் பணம் நஷ்டம் என்றால், அந்தக் கணக்கைத் திறக்கும்போதே இரண்டு முறை பார்ப்பார்கள்.

அமைப்பை மாற்றினால் பலன் கிடைக்கும் என்பதற்கு உள்நாட்டிலேயே சான்று இருக்கிறது. ‘பணம் வருகிறது, பின் நம்பரைப் போடுங்கள்’ என்று சொல்லிப் பணத்தை உருவும் தந்திரம் யுபிஐயில் ஆண்டுக்கணக்காக நடந்தது. பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையில்லை என்று எத்தனையோ விளம்பரங்கள் வந்தன. கடைசியில், இந்தத் தந்திரத்துக்கு இடம் கொடுத்த, தனிநபர்கள் ஒருவரிடம் ஒருவர் பணம் ‘கேட்கும்’ வசதியையே 2025 அக்டோபர் 1 முதல் தேசியக் கொடுப்பனவுக் கழகம் நிறுத்திவிட்டது. வாசலையே அடைத்தாயிற்று. இதை ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்கலாம்.

இப்படி அடைக்க வேண்டிய இன்னொரு வாசல், வைப்புநிதி. ஓய்வூதியரின் சேமிப்புக் கணக்கில் பெரிதாக ஒன்றும் இருக்காது. பணிக்கொடையும் வீடு விற்ற காசும் வைப்புநிதியில் இருக்கும். கணக்குக்குள் நுழைந்தவன் அதை இணையத்திலேயே முன்கூட்டி முறித்து, சேமிப்புக் கணக்குக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து எடுத்துப் போகிறான். நான்கு நிமிடத்தில் முறியும் வசதி எழுபது வயதுக்காரருக்கு எதற்கு? சிங்கப்பூரில் டிபிஎஸ், ஓசிபிசி, யுஓபி ஆகிய வங்கிகள் 2023 நவம்பரிலிருந்து, வாடிக்கையாளர் தன் பணத்தில் ஒரு பகுதியைப் பூட்டி வைக்க வழி செய்திருக்கின்றன. பூட்டியதை இணையம் வழியே வெளியே அனுப்ப முடியாது. நம் தபால் நிலையத்தில் பாஸ்புக்கோடு நேரில் போய் நின்று முடித்த பழைய முறை இதே பாதுகாப்பைத்தான் தந்தது. அதைப் பத்தாம்பசலி என்று சிரித்தோம்.

பணம் போய்விட்டால் முதல் சில மணி நேரம்தான் எல்லாமே. 2021இல் 155260 என்று தொடங்கி இப்போது 1930 ஆகியிருக்கும் உதவி எண்ணில் உடனே சொன்னால், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் பாய்ந்து, எஞ்சியிருப்பதை முடக்கிவிடுவார்கள். பிறகு நீதிமன்ற ஆணையின் பேரில் திரும்பப் பெறலாம். ஆனால், முதியவர்கள் அந்தச் சில மணி நேரத்தைத்தான் மௌனத்தில் கழிக்கிறார்கள். மகனிடம் சொன்னால் திட்டுவான் என்பதுகூடப் பெரிதில்லை. ‘இனிமே போனையும் ஏடிஎம் கார்டையும் எங்கிட்ட குடுத்துடுங்கப்பா’ என்பான். ஐம்பது ஆண்டுகள் குடும்பத்தை நடத்தியவர் நூறு ரூபாய்க்கும் கையேந்தும் நிலைக்கு வந்துவிடுவார். அந்தப் பயத்தில் மறைக்கிறார். முதல் ஏமாற்றில் ஒன்று போகிறது, மறைத்ததில் மிச்சமும் போகிறது. வீட்டில் இளையவர்கள் செய்யக்கூடிய பெரிய காரியம், ‘எது நடந்தாலும் சொல்லுங்க, போனைப் பிடுங்க மாட்டோம்’ என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது. பிறகு அப்படியே நடந்துகொள்வது.

2021ஆம் ஆண்டுக் கணிப்பின்படி தமிழக மக்கள்தொகையில் 13.6 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தவர்கள். கேரளத்துக்கு அடுத்து இங்குதான் அதிகம். இது கூடிக்கொண்டே போகும். இவ்வளவு பேர் நிரப்பித் தரும் வங்கிப் படிவத்தில், செத்த பிறகு பணம் யாருக்கு என்று கேட்க நாமினி கட்டம் இருக்கிறது. உயிரோடு இருக்கும்போது சந்தேகத்துக்கிடமான பரிமாற்றம் நடந்தால் யாரை அழைப்பது என்று கேட்க ஒரு கட்டம் இல்லை. அமெரிக்காவில் பங்குத் தரகு நிறுவனங்கள் 2018 முதல் இப்படி ஒரு நம்பகமானவரின் பெயரைக் கேட்டு வாங்க முயல வேண்டும் என்பது விதி. அந்த நபருக்குக் கணக்கில் கைவைக்கும் உரிமை கிடையாது; அழைத்தால் பேசுவார், அவ்வளவுதான். முதியவரின் சுதந்திரத்தைப் பறிக்காத ஏற்பாடு என்பதால் இது நமக்குப் பொருந்தும் என்று தோன்றுகிறது.

இதற்குப் புதிய சட்டம்கூட வேண்டாம், ரிசர்வ் வங்கியின் ஒரு சுற்றறிக்கை போதும். மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஒவ்வொரு நவம்பரிலும் வாழ்நாள் சான்றிதழ் கொடுக்கிறார்கள். 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். பல பேர் இன்றும் கிளைக்கு நேரில்தான் வருகிறார்கள். அந்தப் படிவத்தோடு இன்னொரு தாளைத் தமிழில் அச்சிட்டு வைத்து, மூன்று கேள்விகள் கேட்கலாம்: உங்கள் வைப்புநிதியைக் கிளையில் மட்டுமே முறிக்கும்படி பூட்டிவிடலாமா? ஒரு நாளில் போன் வழியே எவ்வளவு வரை அனுப்ப அனுமதிக்கலாம்? சந்தேகம் வந்தால் உங்களைத் தவிர யாரைக் கூப்பிடட்டும்? வருகிற நவம்பரிலேயே தொடங்கலாம்.