எட்டாம் நம்பருக்கு எதுக்குக் கறுப்பு மை?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த நம் மாணவர் மன்றச் செயலாளர், "ஏதாவது உருப்படியா எழுதுடா, வேலையில்லாத் திண்டாட்டம் மாதிரி" என்றார். மன்னிக்கணும் அண்ணே. நான் கிரிக்கெட் கார்டைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். காரணம் நம் விடுதி டி.வி. ரூம் சுவரில் இருக்கிறது.

அந்தச் சுவரில் சென்னை அணி வீரர்களின் படங்கள் வரிசையாக ஒட்டியிருப்பது எல்லோருக்கும் தெரியும். 2025 நவம்பர் 15 அன்று ஜடேஜாவை ராஜஸ்தானுக்கு மாற்றிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. மறுநாள் காலையில் பல் விளக்கப் போகும்போது பார்க்கிறேன், எட்டாம் நம்பர் சட்டை அப்படியே இருக்கு, முகம் முழுக்கக் கறுப்பு மார்க்கர்! கீழே 'துரோகி' என்று ஒரு வார்த்தை, அதிலும் 'ரோ'வுக்கு வல்லின 'றோ' போட்டு. செய்தது யார் என்று எனக்குத் தெரியும். நல்ல பையன்தான். பெயர் சொல்ல மாட்டேன். ஆனால் அவனோடு எனக்கு இருக்கிற சண்டையைச் சொல்லியே ஆகணும்.

என்னிடம் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. அதில் 63 கார்டுகள். அவற்றில் 27 கார்டுகள், சென்னை அணியில் ஆடிவிட்டு வேறு அணிக்குப் போனவர்கள், அந்த வேறு அணியின் ஜெர்சியோடு நிற்கும் கார்டுகள். மஞ்சள் சட்டையில் இருக்கிறவன் கார்டை யார் வேண்டுமானாலும் சேர்ப்பான். நான் சேர்ப்பது மற்றதை.

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்றால், 2015 ஜூலையில் பந்தய விவகாரத்துக்காக நீதிபதி லோதா குழு சென்னை, ராஜஸ்தான் இரண்டு அணிகளுக்கும் இரண்டு வருஷம் தடை போட்டது. அந்த டிசம்பரில் வீரர்களைப் பிரித்துக்கொண்டார்கள். தோனி, அஸ்வின், டுபிளெசி புனேவுக்கு. ரெய்னா, ஜடேஜா, மெக்கல்லம், பிராவோ குஜராத் லயன்ஸுக்கு. எனக்கு அப்போது எட்டு வயசு. பங்காளிகள் பாகம் பிரித்துக்கொள்வது போலத்தான் எனக்குப் பட்டது. பெட்டிக்கடை பாக்கெட்டைப் பிரித்தால் கத்திரிப்பூ நிறச் சட்டையில் தோனி! "இது டூப்ளிகேட்டுடா" என்று கடைக்காரரிடமே திருப்பிக் கொடுக்கப் போனேன். அவர் சிரித்துக்கொண்டே, "தம்பி, ஆளு ஒரிஜினல்தான், சட்டைதான் மாறிடுச்சு" என்றார்.

கார்டு விளையாட்டு ஆடியவர்களுக்குத் தெரியும். பின்பக்கத்தில் இருக்கும் மேட்ச், ரன், விக்கெட் எண்ணிக்கையைச் சொல்லி எதிராளியின் கார்டைப் பிடுங்கணும். அங்கே ஜெர்சிக்கு மதிப்பே கிடையாது. குஜராத் சட்டை ரெய்னாவை வைத்துக்கொண்டு எங்கள் தெருவில் நான் ஜெயித்த கார்டுகள் எத்தனையோ! அதில் முக்கால்வாசி ரன் மஞ்சள் சட்டையில் அடித்தது என்பது எனக்குத் தெரியும், கார்டுக்கும் தெரியும்.

பிறகு எங்கள் ஊர்க் கடையில் கார்டு பாக்கெட் வருவது நின்றுபோனது. நான் நிறுத்தவில்லை. பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தில் வரும் படத்தை வெட்டி, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒட்டி, பின்னால் பேனாவால் கணக்கு எழுதிவிடுவேன். அதனால் என்னுடைய சிவப்புச் சட்டை அஸ்வினைத் திருப்பினால் பாதி மறைந்துபோன ஒரு 'நல்வரவு' தெரியும்.

அஸ்வின் என்றால் ஒரு கார்டில் முடியாது. 2011 இறுதி ஆட்டத்தில், சேப்பாக்கத்தில், முதல் ஓவரிலேயே கெயிலை ரன் எடுக்காமல் அனுப்பியவர் அவர். 2018 ஏலத்தில் பஞ்சாப் 7.6 கோடிக்கு எடுத்தது, கேப்டனும் ஆக்கியது. அப்புறம் டெல்லி, அப்புறம் ராஜஸ்தான். 2022 மே மாதம் ராஜஸ்தானுக்காக நம் சென்னைக்கு எதிராகவே 23 பந்தில் 40 ரன் அடித்து ஆட்டத்தைப் பறித்தார். அன்றைக்கு எங்கள் வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் மறுநாள் பேப்பரை வெட்டினேன். 2025-ல் அவர் மறுபடி மஞ்சள் சட்டைக்கே வந்து, அந்த சீசனோடு ஐ.பி.எல்.லுக்கு விடை சொன்னார். இடையில் வந்த கார்டுகளை எல்லாம் கிழித்திருந்தால், அவர் எங்கே போய் எங்கே வந்தார் என்பதற்கு என்னிடம் என்ன அடையாளம் இருக்கும்?

சரி, நண்பன் கட்சிக்கு வருகிறேன். அவன் சொல்வது: "காசுக்காகப் போயிட்டான்டா." எவ்வளவு காசு என்று பார்த்தாயா மாப்ள? சென்னையில் ஜடேஜாவுக்கு 18 கோடி. ராஜஸ்தானுக்கு மாறும்போது அது 14 கோடியாகக் குறைந்தது. நாலு கோடி குறைத்துக்கொண்டு போகிறவனைக் காசுக்குப் போனவன் என்று எந்தக் கணக்கில் சொல்கிறாய்? அதுவும் டிப்ளமோ படிக்கிற நீ! வீரர் சம்மதிக்காமல் இப்படி மாற்ற முடியாது என்கிறாய். உண்மை, ஒத்துக்கொள்கிறேன். சம்மதித்துத்தான் போயிருக்கிறார். 2008-ல் ராஜஸ்தான் கோப்பை வாங்கியபோது அந்த அணியில் இருந்த பையன் அவர். நடுவில் கொச்சி, அப்புறம் 2012-ல்தான் நம்மிடம் வந்தார். பிறந்த வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளேன்.

அந்த மாற்றத்தில் ராஜஸ்தானிலிருந்து நமக்கு வந்தவர் சஞ்சு சாம்சன். பல வருஷம் அங்கே ஆடியவர், கேப்டனாக இருந்தவர். முகத்தில் மை பூசிய அதே கை, அந்த வாரமே சாம்சன் படத்தைப் பக்கத்தில் ஒட்டியது! நம்மிடம் வந்தால் சிங்கம், நம்மை விட்டுப் போனால் துரோகியா? ஜெய்ப்பூரில் ஏதோ ஒரு விடுதிச் சுவரில் இந்நேரம் சாம்சன் முகத்துக்கு ஒருத்தன் மார்க்கர் தேடிக்கொண்டிருப்பான்.

போகிறவர்கள் எல்லோரும் விரும்பிப் போவதும் இல்லை. 2022 ஏலத்தில் ரெய்னா பெயரைக் கூப்பிட்டபோது ஒரு அணியும் கை தூக்கவில்லை. சென்னையும் தூக்கவில்லை. சின்னத் தல, சின்னத் தல என்று கத்திய நாம் யார் முகத்தில் மை பூசினோம்? டுபிளெசியை அதே ஏலத்தில் 7 கோடிக்கு பெங்களூர் எடுத்துக் கேப்டன் ஆக்கியது. 2017-ல் புனே அணி தோனியையே கேப்டன் பதவியிலிருந்து இறக்கியது. முதலாளி நினைத்தால் அவ்வளவுதான். வீரன் கையில் இருப்பது மட்டையும் பந்தும்தான்.

அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஒரு ஆட்டம். அங்கே நூறு வருஷத்துக்கு மேலாக இந்தக் கார்டுப் பைத்தியம் உண்டு. அந்தக் காலத்தில் டாப்ஸ் என்ற கம்பெனி, வீரர்களைத் தொப்பி இல்லாமலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுமாம், திடீரென்று அணி மாறினால் கார்டு வீணாகக் கூடாது என்று. அதற்கும் மிஞ்சினால் ஓவியரை வைத்துப் பழைய தொப்பி மேல் புதுத் தொப்பி வரைந்துவிடுவார்கள். கல்யாணப் பத்திரிகை அட்டைக்காரனுக்கு இதைப் படித்தபோது எவ்வளவு நிம்மதி!

2023 இறுதி ஆட்டத்தை மறந்திருக்க மாட்டீர்கள். அகமதாபாத், மழை, நள்ளிரவு தாண்டிவிட்டது. கடைசி இரண்டு பந்தில் 10 ரன் வேணும். பந்து போட்டவர் மோகித் சர்மா. யார் அவர்? 2014-ல் நம் சென்னைக்காக 23 விக்கெட் எடுத்து ஊதாத் தொப்பி வாங்கியவர். 2022-ல் குஜராத்துக்கு வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராக இருந்து, மறுபடி ஏறி வந்த மனுஷன். முதல் நாலு பந்து அப்படிப் போட்டார். அதற்கு முன்னால் குஜராத்துக்காக 47 பந்தில் 96 அடித்தவர் சாய் சுதர்சன், நம் தமிழ்நாட்டுப் பையன். பிறகு ஜடேஜா ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர். தோனி அவரைத் தூக்கிக்கொண்டார். நாமெல்லாம் கத்தினோம். மோகித் குனிந்து உட்கார்ந்ததை டி.வி.யில் பார்த்த எனக்கு மட்டும் சந்தோஷம் ஒரு பக்கம், என்னவோ ஒரு பக்கம். மஞ்சள் சட்டை மோகித் கார்டும் என்னிடம் இருந்தது, அதனால்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நம்ம பக்கத்தில் 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறக்கவில்லை. குறுவை போச்சு. வறட்சி வந்த 2016 கடைசியில் எங்கள் சித்தப்பா திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார். நாற்றங்கால் வேலையில் அவரை மிஞ்ச ஊரில் ஆள் கிடையாது. "மண்ணை விட்டுட்டு ஓடிட்டான்" என்று டீக்கடையில் பேசினார்கள். பேசினவர்களில் இரண்டு பேர் மறு வருஷமே அவரிடம் வேலை கேட்டுப் போன் பண்ணினார்கள், அது வேறு கதை. பொங்கலுக்கு வந்தபோது அவர் சட்டைப்பையில் எனக்கு மூணு பாக்கெட் கார்டு இருந்தது. குஜராத் சட்டை ஜடேஜா அதில் வந்ததுதான். டப்பாவில் முதல் கார்டு அது.

2018-ல் சென்னை அணி திரும்பி வந்தது. ஏப்ரல் 10, சேப்பாக்கத்தில் முதல் ஆட்டம். வெளியே காவிரி மேலாண்மை வாரியம் கேட்டுப் போராட்டம், உள்ளே மைதானத்தில் செருப்பு வந்து விழுந்தது. எங்கள் அப்பா தஞ்சாவூரில் மறியலுக்குப் போயிருந்தார். நான் பக்கத்து வீட்டு டி.வி. முன்னால். யார் பக்கம் நிற்பது என்று பதினோரு வயசுக்குத் தெரியவில்லை, இன்றைக்கும் முழுசாகத் தெரியவில்லை. தண்ணீர் நமக்கு வேணும், அதில் சந்தேகமே இல்லை. மீதி உள்ளூர் ஆட்டங்களை எங்கே மாற்றினார்கள் தெரியுமா? புனேவுக்கு! சென்னை அணியே ஊரை விட்டுப் போய் ஆடிய வருஷம் அது. அந்த வருஷம் கோப்பையும் வாங்கியது. அணிக்கு யாராவது 'துரோகி' என்று எழுதினோமா?

போன வருஷ சீனியர் அண்ணன்கள் ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் என்று கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எடுத்து அனுப்பிய படமும் அதே டி.வி. ரூமில்தான் இருக்கிறது. மார்க்கர் வைத்திருக்கும் நண்பன் அடுத்த மாதம் கேம்பஸ் இன்டர்வியூவுக்குச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறான்.

ஒர்க் ஷாப்பிலிருந்து கொஞ்சம் தின்னர் கொண்டுவந்து மையைத் துடைத்துப் பார்த்தேன். மையோடு மூக்கும் கொஞ்சம் போய்விட்டது. அதனால் பக்கத்தில் ராஜஸ்தான் சட்டை ஜடேஜா கார்டு ஒன்று செய்து குண்டூசியால் குத்தியிருக்கிறேன். யாரும் கழற்ற வேண்டாம், என்னிடம் வேறு பிரதி இல்லை. 2008-ல் சென்னைக்காக ஐ.பி.எல்.லின் முதல் ஹாட்ரிக் எடுத்தாரே பாலாஜி, அவர் கொல்கத்தா சட்டையில் இருக்கும் படம் யாரிடமாவது இருந்தால் பதினான்காம் நம்பர் ரூமுக்குக் கொண்டு வாருங்கள். பதிலுக்கு பெங்களூர் டுபிளெசி தருகிறேன். என்னிடம் இரண்டு இருக்கிறது.