3,000 வெற்றிகளைத் தாண்டியவர்... ஆனாலும் திவால்! ஜாக்கி பிரான்கி டெட்டோரிக்கு என்ன ஆச்சு?

ஜெயித்ததும் சேணத்தில் இருந்தபடியே இரண்டு கையையும் தூக்கி, அந்தரத்தில் எகிறிக் குதித்து இறங்குவார். பிரிட்டனில் குதிரைப் பந்தயம் பார்க்காதவர்களுக்கும் தெரிந்த முகம் பிரான்கி டெட்டோரி. மூன்று முறை சாம்பியன் ஜாக்கி. உலகின் பெரிய பந்தயங்களில் ஒன்றான பிரான்ஸின் 'ஆர்க்' பந்தயத்தை ஆறு முறை வென்றவர். அவர்தான் 2025 மார்ச்சில், திவால் மனு தாக்கல் செய்யப் போவதாக அறிவித்தார்.

பிரிட்டன் வரித்துறையுடன் நீண்ட நாளாக இழுத்துக்கொண்டிருந்த தகராறுதான் காரணம். வரியைக் குறைப்பதற்கான ஒரு திட்டத்தில் அவர் சேர்ந்திருந்தார். வரித்துறை அதை ஏற்கவில்லை. வழக்கில் தன் பெயர் வெளியே வரக்கூடாது என்று கேட்டுப் பார்த்தார், 2024 இறுதியில் அதுவும் பலிக்கவில்லை. பேச்சுவார்த்தையும் முடிவுக்கு வராமல் போக, கடைசியில் திவால்.

இவ்வளவு ஜெயித்தவரிடம் காசு இல்லையா?

ஜாக்கியின் வருமானம் எப்படி வருகிறது என்று பார்த்தால் கொஞ்சம் புரியும். பிரிட்டனில் ஒரு பந்தயத்தில் ஓட்டினால் கூலி சில நூறு பவுண்டு கூட வராது. ஜெயித்தால் பரிசுத்தொகையில் சுமார் 7 சதவீதம். சாதாரண பந்தயம் ஒன்றில் முதல் பரிசு 5,000 பவுண்டு என்றால் கைக்கு வருவது சுமார் 350 பவுண்டு, அவ்ளோதான். அதிலும் குதிரை பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட்டுக்கு ஒரு பங்கு, சேணம், உடைகளைக் கவனிக்கும் உதவியாளருக்கு ஒரு பங்கு போகும். பெரிய காசு என்பது பெரிய பந்தயத்திலும், பணக்கார குதிரை உரிமையாளருடன் போடும் ஆண்டு ஒப்பந்தத்திலும்தான். டெட்டோரிக்கு இரண்டும் கிடைத்தன. துபாய் ஷேக் முகமதுவின் கோடால்பின் நிறுவனத்துக்கு 18 ஆண்டுகள் ஓட்டினார்.

ஆனால் குதிரை ஜாக்கியுடையது கிடையாது. உரிமையாளர் நாளைக்கே வேறு ஆளை ஏற்றலாம். 2012-ல் அதுதான் நடந்தது. ஆர்க் பந்தயத்தில் போட்டி முகாமின் குதிரையில் ஏறினார், கோடால்பின் உறவு முறிந்தது. அதே ஆண்டு பாரிஸில் நடந்த போதைப்பொருள் சோதனையில் சிக்கி ஆறு மாதத் தடை. தடை முடிந்து வந்தபோது நல்ல குதிரை தர ஆளில்லை. 2015-ல் பயிற்சியாளர் ஜான் காஸ்டனின் கோல்டன் ஹார்னில் டெர்பி ஜெயித்த பிறகுதான் பழைய மார்க்கெட் திரும்பியது. அடுத்து 'எனேபிள்' என்ற பெண் குதிரையில் 2017, 2018 என அடுத்தடுத்து ஆர்க்!

ஒரே நாளில் ஏழு

டெட்டோரி பெயர் நிலைத்தது 1996 செப்டம்பர் 28-ல். அஸ்காட் மைதானத்தில் அன்று மொத்தம் ஏழு பந்தயம். ஏழிலும் அவரே முதல்! இப்படி நடக்க 25,051-க்கு 1 என்ற விகிதம். கடைசிக் குதிரையான ஃபுஜியாமா கிரெஸ்ட்டின் விலை காலையில் 12-க்கு 1. ஆறு ஜெயித்ததும் மக்கள் கண்ணை மூடிக்கொண்டு அதில் பணத்தைக் கட்ட, 2-க்கு 1 ஆகச் சரிந்தது. ஓட்டம் தொடங்கியது முதல் முன்னால் நின்று, கடைசியில் மூச்சு வாங்கியபடி கோட்டைத் தொட்டது அந்தக் குதிரை. புக்கிகளுக்குக் கோடிக்கணக்கில் நஷ்டம். அந்த லாபத்தில் டெட்டோரிக்குப் பங்கு கிடையாது என்பதை மறக்கக்கூடாது; ஜாக்கிகள் பந்தயம் கட்டவே தடை. பின்னாளில் அந்தக் குதிரையை வாங்கித் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்.

நான்கு ஆண்டு கழித்து, 2000 ஜூன் 1-ல், நியூமார்க்கெட்டில் அவர் ஏறிய சிறிய விமானம் கிளம்பியதுமே விழுந்தது. பைலட் உயிரிழந்தார். எரியும் விமானத்தில் இருந்து டெட்டோரியை இழுத்துப் போட்டவர் சக ஜாக்கி ரே காக்ரன். கணுக்கால் முறிந்தவர் இரண்டே மாதத்தில் மறுபடி சேணத்தில்.

முன்பும் இப்படி நடந்திருக்கிறதா?

ஒன்பது முறை டெர்பி வென்ற லெஸ்டர் பிகட் 1987-ல் வரி வழக்கில் ஜெயிலுக்கே போனார். வெளியே வந்து, 1990-ல் 54 வயதில் மீண்டும் குதிரை ஏறி, சில நாட்களிலேயே அமெரிக்காவின் பிரீடர்ஸ் கப் மைல் பந்தயத்தை ஜெயித்துக் காட்டினார். ஆனால் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பது தப்பு. பிகட் மீது இருந்தது வரி ஏய்ப்புக் குற்றம். டெட்டோரி விஷயத்தில் நடந்தது கடன் கட்ட முடியாத சிவில் விவகாரம். அதற்காக அவர் மேல் பழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆலோசகர் சொன்னாலும் கையெழுத்து அவருடையதுதானே.

2023-ல் ஓய்வு என்று சொல்லி, இங்கிலாந்து முழுக்க வழியனுப்பு விழா போல் ஓட்டியவர், திடீரென மனசை மாற்றிக்கொண்டு அமெரிக்காவுக்குப் போனார். திவால் அறிவிப்பு வந்தபோது அவருக்கும் வயது 54. அப்போதும் அமெரிக்காவில் குதிரை ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்.