தேய்மானம் எழுதாத மலை

கம்பெனிகளுக்குக் கணக்கு முடிக்கிற தேதி மார்ச் 31. திருவண்ணாமலையில் இருக்கிற மலைக்கு அது மே மாதக் கடைசி.

கத்திரி முடிந்தும் முடியாத நாட்கள். கார்த்திகை தீபத்தன்று டி.வி.யில் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டோமே, அந்தப் பச்சை மலை இப்போது இல்லை. பாறையும் காய்ந்த புல்லும்தான். நடுநடுவே தீ தின்றுவிட்டுப் போன கறுப்புத் திட்டுகள். போன மழைக்கு நட்ட கன்றுகளில் எத்தனை பிழைத்தன, எந்தச் சுனையில் இன்னும் தண்ணீர் இருக்கிறது, எந்தச் சரிவில் மண் போயிருக்கிறது, எல்லாம் பட்டவர்த்தனமாகத் தெரிகிற நேரம் இதுதான். முறைப்படி ஆடிட்டர் வர வேண்டும். ஆனால் வருவது யார்? நாம்தான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கில் வந்து இறங்கி, 14 கிலோமீட்டர் நடந்து, எட்டு லிங்கத்துக்கும் கும்பிடு போட்டு, கால் வலிக்குத் தைலம் தடவிக்கொண்டு விடியற்காலை பஸ்ஸில் ஊர் திரும்பிவிடுகிறோம். சுற்றிச் சுற்றி வருகிறோமே தவிர, எதைச் சுற்றுகிறோம் என்று நிமிர்ந்து பார்ப்பதில்லை.

மற்ற ஊர்களில் மலைமேல் சாமி இருப்பார். இங்கே 2,668 அடி உயர மலையே சாமி. மலையே லிங்கம் என்பதுதான் இந்த ஊரின் நம்பிக்கை. அப்படியென்றால், கோயில் கோபுரத்தில் ஒரு பொம்மை உடைந்தால் என்ன கூச்சல் போடுவோமோ, அதே கூச்சலை மலையில் ஒரு ஏக்கர் எரிந்தாலும் போட வேண்டுமா, இல்லையா? யாரும் போட்டதாகத் தெரியவில்லை.

'அங்கே என்ன சார் இருக்கு, வெறும் பாறை' என்பார்கள். என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். பௌர்ணமி அல்லாத ஒரு சாதாரண நாளில், காலை ஐந்தரை மணிக்கு, செங்கம் சாலையிலிருந்து பிரிந்து கிரிவலப் பாதைக்குள் நடந்து பாருங்கள். சரக்கொன்றை தன் மஞ்சளைக் கொட்டித் தீர்த்துக்கொண்டிருக்கும். சிவனுக்கு உகந்த பூ என்று கடையில் காசு கொடுத்து வாங்குகிறோமே, அது இங்கே ரோட்டில் கிடக்கும், மிதித்துக்கொண்டு போவோம். புளியமரம் பூத்திருக்கும். வேப்பங்காய் பழுக்க ஆரம்பித்திருக்கும். குயில் தொண்டை கிழியக் கத்தும். அது பாட்டு இல்லை, காக்கா கூட்டில் முட்டை வைக்கிற சீசனின் பரபரப்பு. காக்காக்கள் அதைத் துரத்திக்கொண்டு போவதைப் பார்த்தால் பஸ் ஸ்டாண்டில் சீட்டுக்குத் துண்டு போட்டவர்களின் சண்டை தோற்றுவிடும். மழைக்காலம் நெருங்குவது மயிலுக்குத் தெரிந்து அகவத் தொடங்கியிருக்கும். குளிர்காலத்தில் வந்து தங்கியிருந்த ஆறுமணிக்குருவி வடக்கே போயிருக்கும்.

சாயங்காலம் இடி இடித்து ஒரு மழை பெய்தால் போதும். ராத்திரி தெருவிளக்கைச் சுற்றி ஈசல். மறுநாள் செம்மண்ணில் சிவப்பு வெல்வெட் துணியைக் கத்தரித்துப் போட்ட மாதிரி பட்டுப்பூச்சி ஊரும். உங்கள் பிள்ளைகளுக்கு அதைக் காட்டியிருக்கிறீர்களா? நாமெல்லாம் தீப்பெட்டிக்குள் வைத்து வளர்த்த தலைமுறை.

புலியும் யானையும் இங்கே இல்லை. கீரி, உடும்பு, குரங்கு, புள்ளிமான், நூறு வகைக் குருவி. ஒரு சின்ன ஊரின் கோடைக் கடைசியில் இருக்க வேண்டியவை இருக்கின்றன, அவ்வளவுதான். இவற்றுக்கு நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பதுதான் என் சண்டை.

மானை எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் மேலே சுனைகள் வற்றினால் அது கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். கீழே என்ன இருக்கிறது? ரோடு, வேன், தெருநாய். மான் வண்டியில் அடிபட்டது, நாய்கள் கடித்தன என்ற செய்தி பேப்பரின் உள்பக்கத்தில் நாலு வரியில் வந்துபோகும். பாதையோரம் நுங்கு விற்கிற ஒரு பெரியவரிடம் மான் வருமா என்று கேட்டேன். 'வரும் சார். கூட்டமில்லாத நாள்ல, ராத்திரி ரெண்டு மணிக்கு மேல வரும். பௌர்ணமின்னா பாவம், அதுங்களுக்கு அன்னைக்குத் தண்ணி கெடையாது' என்றார். நமக்கு விசேஷ நாள், அதற்குப் பட்டினி நாள். யார் விரதம் இருக்கிறார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

குரங்கு விஷயம் இதற்கு நேர் எதிர். பிஸ்கெட்டும் பழமும் கொடுத்துக் கொடுத்து அதைப் பிச்சைக்காரனாக்கி, அப்புறம் பையைப் பிடுங்குகிறது என்று குச்சியால் அடிக்கிறோம். இதற்குப் புண்ணியம் என்று பெயர்.

அடுத்தது தீ. மலையில் எலுமிச்சை வாசனை அடிக்கிற ஒரு புல் இடுப்பளவு வளர்கிறது. எண்ணெய்ச் சத்துள்ள புல். பொங்கல் கழிந்தால் காய ஆரம்பிக்கும். அப்புறம் ஒரு பீடித் துண்டு போதும், ஒரு கற்பூரம் போதும். இதிலுள்ள சூட்சுமத்தைக் கவனியுங்கள். தீ வந்தால் புல் சாவதில்லை. அதன் வேர் மண்ணுக்குள் பத்திரமாக இருந்து முதல் மழைக்குத் துளிர்த்துவிடும். சாவது மரக்கன்றுதான். ஆக, ஒவ்வொரு தீயும் மரத்தைக் குறைத்துப் புல்லைக் கூட்டுகிறது. புல் கூடினால் அடுத்த கோடைக்கு இன்னும் பெரிய தீ. கந்துவட்டிக் கணக்குதான் இது. அசல் ஒருநாளும் அடையாது.

இந்த வட்டியைக் கட்டிக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள். 'தி ஃபாரஸ்ட் வே' என்ற அறக்கட்டளை 20 வருஷத்துக்கு மேலாக இந்த மண்ணின் மரங்களை நாற்றாக வளர்த்து மலையில் நட்டுக்கொண்டிருக்கிறது. கோடைக்கு முன்னால் புல்லை அகலமாகச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடு போடுவது, தீ வந்தால் உள்ளூர்ப் பையன்களோடு பச்சைக் கிளையை வைத்து அடித்தே அணைப்பது, எல்லாம் செய்கிறார்கள். அவர்களுக்கு வணக்கம். ஆனால் ஓர் அறக்கட்டளையும் சில டஜன் இளைஞர்களும் பார்க்கிற வேலையா இது? லட்சம் பேர் கும்பிடுகிற சாமி சார் அது!

பி.காம். முதல் வருஷத்திலேயே தேய்மானம் என்று ஒன்று சொல்லிக்கொடுப்பார்கள். லாரி வாங்கினால் வருஷா வருஷம் அதன் தேய்மானத்தைச் செலவாக எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் லாபம் கொழுத்த மாதிரி தெரியும். ஒருநாள் லாரி நடுரோட்டில் படுத்துக்கொள்ளும். திருவண்ணாமலையில் லாட்ஜுக்கு வருமானம், ஹோட்டலுக்கு வருமானம், ஆட்டோவுக்கு, பஸ்ஸுக்கு, ரியல் எஸ்டேட்டுக்கு, உண்டியலுக்கு எல்லாம் வருமானம். எல்லா வருமானத்துக்கும் முதல் இந்த மலை. அந்த முதலுக்குத் தேய்மானம் எழுதுகிற ஆளை மட்டும் காணவில்லை. மலைக்காடு வனத்துறை, ரோடு நெடுஞ்சாலைத் துறை, கோயில் அறநிலையத் துறை, தெரு மாநகராட்சி. பாத்தியதை எல்லோருக்கும் உண்டு. பொறுப்பு என்று கேட்டால் பக்கத்து ஆபீஸைக் கை காட்டுகிறார்கள்.

2024 டிசம்பர் 1 அன்று என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு இடிந்து, பாறையும் மண்ணும் வ.உ.சி. நகரில் வீட்டின் மேல் விழுந்து ஏழு பேர் செத்தார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். அன்று கொட்டியது அசாதாரண மழை, அதற்கு யாரும் ஜவாப்தாரி இல்லை. ஆனால் வேறு போக்கிடம் இல்லாத ஜனங்களை மலையின் காலடிக்குத் தள்ளியது மழை அல்ல. சமதரையில் ஒரு கிரவுண்டு நிலத்தை அவர்களால் நினைத்தே பார்க்க முடியாத விலைக்கு ஏற்றியது நாம்தான். 'ஆக்கிரமிப்பு' என்று ஏழையின் ஓட்டு வீட்டை மட்டும் காட்டாதீர்கள். மலை தெரிகிற பால்கனிக்காக அடுக்குமாடி வாங்கியவர்களும் கொஞ்சம் கண்ணாடி பார்க்கலாம்.

அந்த வருஷம் டிசம்பர் 13 தீபத்துக்குப் பக்தர்களை மலையேற விடவில்லை. என்ன ஆயிற்று? தீபம் எரிந்தது. சாமி கோபித்துக்கொள்ளவில்லை. பக்தர்கள் வசதி, பக்தர்கள் வசதி என்று எதற்கெடுத்தாலும் சொல்கிறார்களே, அவர்களுக்காக இதைச் சொல்கிறேன். 2016-ல் அதே வசதியைச் சொல்லித்தான் கிரிவலச் சாலையை அகலப்படுத்தக் கிளம்பி மரங்களில் கோடரி வைத்தார்கள். ஊர்க்காரர்கள் கூச்சல் போட்டார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு நிறுத்தியது. செருப்பில்லாமல் நடக்கிறவனுக்கு மரநிழலைவிடப் பெரிய வசதி என்னய்யா வேண்டும்?

அப்புறம் ஜூன் 5. உலகச் சுற்றுச்சூழல் தினம். ஐ.நா. சபை 1972-ல் அறிவித்த தேதி. நம் ஊர் வெயிலைக் கேட்டுக்கொண்டு அவர்கள் அறிவிக்கவில்லை. மண் இன்னும் சட்டியாகக் கொதிக்கிற அந்த நாளில்தான் நம் பிரமுகர்கள் கார் விட்டிறங்கிக் கன்று நடுகிறார்கள். போட்டோ வருகிறது. நம்பி நடக்கூடிய மழை இங்கே ஆகஸ்ட், செப்டம்பருக்கு மேல்தான். அதற்குள் கன்று விறகாகியிருக்கும். பக்கத்தில் நட்ட போர்டு மட்டும் உயிரோடிருக்கும். ஜூன் 5-ல் உண்மையாகவே ஏதாவது செய்ய ஆசையென்றால், போன வருஷம் நட்டதில் எத்தனை மிச்சம் என்று எண்ணிச் சொல்லுங்கள். அந்த நிகழ்ச்சிக்கு நானும் வந்து கைதட்டுகிறேன்.

'நம்பிக்கை விஷயத்தில் சுற்றுச்சூழலைக் கலக்காதே' என்று கடிதம் வரும். ஆஸ்திரேலியாவின் உலுரு பாறை அங்குள்ள பழங்குடி அனங்கு மக்களுக்குப் புனிதம். புனிதம் என்பதால்தான் 'ஏறாதீர்கள்' என்று கேட்டார்கள். 2019 அக்டோபர் 26 முதல் ஏறுவது அடியோடு நின்றது. அவ்வளவு தூரம் போவானேன்? ரமணாசிரமத்துக்குள் போனால் லட்சுமி என்ற பசுவுக்கும், வள்ளி என்ற மானுக்கும், ஒரு நாய்க்கும், ஒரு காக்காவுக்கும் சமாதிகள் இருக்கின்றன. இந்த ஊரில் காக்காவும் மானும் பக்திக்கு வெளியே இருந்ததில்லை. வெளியே தள்ளியது நாம்.

கிரிவலத்தில் ஓர் ஐதீகம் உண்டு. மலையை ஒட்டிய வலது ஓரத்தில் சித்தர்களும் தேவர்களும் நடக்கிறார்கள், அதனால் மனிதர்கள் இடது ஓரமாகத்தான் நடக்க வேண்டும். பெரியவர்கள் காரணமில்லாமல் சொல்லவில்லை என்று அடிக்கடி சொல்வோமே, அதை இங்கேயும் சொல்லுங்கள். மலைப்பக்கம் நம்முடையது இல்லை. அந்த ஓரத்தில் சித்தர் நடக்கிறாரோ என்னவோ, மான் நிச்சயம் நடக்கிறது. அங்கே கடை போடாதீர்கள், வண்டி நிறுத்தாதீர்கள், அன்னதானத் தட்டை வீசாதீர்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. பௌர்ணமிக்கு மறுநாள் காலை பாதையைப் பார்த்தால், தடை வந்த சேதி இன்னும் அங்கே போய்ச் சேரவில்லையோ என்று தோன்றும்.

நான் கேட்பது பெரிய பட்ஜெட் இல்லை. பௌர்ணமி பார்க்கிங்கிலும் கடை ஏலத்திலும் வருகிற பணத்தில் ஒரு பங்கை மலைக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். ஜனவரிக்குள் தீத்தடுப்புக் கோடு, கோடை முழுக்கச் சம்பளத்தோடு தீக்காவலர்கள், மான் ரோட்டைத் தாண்ட வேண்டாதபடி காட்டுக்குள்ளேயே தண்ணீர், சரிவில் புதுக் கட்டடம் கிடையாது, அங்கிருந்து எழுப்பப்படும் குடும்பங்களுக்கு ஊருக்குள்ளேயே மாற்று இடம். ஒவ்வொரு மே 31-ம் தேதியும் எவ்வளவு எரிந்தது, எவ்வளவு பிழைத்தது, எவ்வளவு செலவு என்று கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒரு தாள் ஒட்டுங்கள். ஊர் படித்துப் பார்க்கட்டும். வரவு மட்டும் எழுதுகிற கணக்குப்பிள்ளையை எந்த முதலாளியும் வேலைக்கு வைத்திருக்கமாட்டான். அண்ணாமலையார் இன்னும் வைத்திருக்கிறார். எத்தனை நாளைக்கு என்று தெரியாது.