விரிதாளுக்கு வரும் கணக்குக் கோப்பு

பெங்களூர் அல்சூரில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாணிபம் செய்து வருகின்றன. அவர்களுடைய பேரேடு இன்று பெரும்பாலும் கணிப்பொறியில் எழுதப்படுகிறது. அந்நகரையே தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தின் டேலி போன்ற மென்பொருள்கள் இதற்குப் பயன்படுகின்றன. ஆண்டு முடிவில் அக்கணக்கு சி.எஸ்.வி. எனப்படும் வெற்று உரைக் கோப்பாக வெளியேற்றப்பட்டு, தணிக்கையாளரின் விரிதாளை அடைகிறது. கணக்கு சிதைவது பெரும்பாலும் இந்தக் கடைசிப் படியில்தான்.

ஒரு காப்பிப்பொடிக் கடையின் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். வரி வகைப்பாட்டில் காப்பியின் குறியெண் 0901. கோப்பைச் சுட்டியால் இருமுறை தட்டித் திறந்தால், எக்ஸெல் அதனை எண்ணெனக் கருதி 901 ஆக்கிவிடும். 4-12 என்னும் பட்டியல் எண் தேதியாக மாறும். 16 இலக்க வங்கிக் கணக்கெண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். எக்ஸெல் 15 இலக்கங்களையே துல்லியமாகக் காக்க வல்லது. தொகைகளின் கூட்டலோ பைசா பிசகாமல் பேரேட்டோடு பொருந்தி நிற்கும்! கூட்டல் சரியாயிருப்பதைக் கண்டு நிறைவு கொள்வது இங்கே ஆபத்தானது. உதவித்தொகைப் பட்டியல் தயாரிக்கும் களப் பணியாளர் இதனை நன்கு உணர வேண்டும். அங்கே பிழைபட்ட ஓர் இலக்கம் ஒருவருடைய பணத்தையே தடுத்துவிடும்.

தேதியின் கதை இன்னும் விசித்திரமானது. கணிப்பொறி அமெரிக்க வழக்கில் அமைந்திருந்தால், 03-04-2024 என்பது ஏப்ரல் 3 ஆகாமல் மார்ச் 4 ஆகும். 13 முதலான நாள்கள் மாதமாக இயலாமையால் வெறும் உரையாக நின்றுவிடும். ஆண்டின் 365 நாள்களில் 132 நாள்கள் இவ்வாறு ஓசையின்றி இடம் மாறுகின்றன.

விஞ்ஞானிகளும் இதற்கு விலக்கல்லர். மரபணுப் பெயர்கள் விரிதாளில் தேதிகளாக மாறிய பிழை, எக்ஸெல் பட்டியல் இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இருந்ததென 2016இல் கண்டறியப்பட்டது. முடிவில், 2020இல் மரபணுக்களின் பெயர்களையே மாற்ற நேர்ந்தது. இத்தகைய தானியங்கி மாற்றங்களை நிறுத்தும் வசதி எக்ஸெலில் 2023இல்தான் பரவலாக வந்தது.

செய்ய வேண்டியது சிறிதே. கோப்பைத் தட்டித் திறவாமல், வெற்று விரிதாளில் தரவுப் பகுதிக்குச் சென்று அங்கிருந்து இறக்குமதி செய்ய வேண்டும். தமிழ்ப் பெயர்கள் கெடாதிருக்க யு.டி.எப்.-8 குறிமுறையைத் தேர்ந்திட வேண்டும். கூட்டிப் பார்க்கப் பொருளற்ற எண்கள் யாவும், அதாவது கணக்கெண், குறியெண், பட்டியல் எண், தொலைபேசி எண் ஆகியவை, உரை என அறிவிக்கப்பட வேண்டும். தேதியை நாள்–மாதம்–ஆண்டு என்ற வரிசையில் அறிவிக்க வேண்டும். 1,25,000 போன்ற தொகை மேற்கோள் குறிக்குள் இராவிடில் மூன்று பத்திகளாகப் பிளவுபடும். தொகையை ஒட்டிப் பற்று, வரவுக் குறிகள் நின்றாலோ, கூட்டல் வாய்பாடு அவ்வரியைச் சொல்லாமலே விட்டுவிடும்.

பயிற்சி வகுப்புகள் கூட்டல் வாய்பாட்டில் தொடங்கி வரைபடத்தில் முடிகின்றன. இறக்குமதிக்கு ஒரு பாடவேளைகூட ஒதுக்கப்படுவது அரிது. இவ்வரிசை தவறானது. வாய்பாடு பிழைத்தால் பின்னர் திருத்தலாம். சிதைந்த கோப்பை அதே பெயரில் சேமித்துவிட்டாலோ, அப்பத்தியை உரையாக மாற்றினாலும் இழந்த இலக்கம் மீளாது. அல்சூர்க் கடைக்காரரிடமே மறுபடியும் கோப்பைக் கேட்டு வாங்க வேண்டியதுதான்.