முழு பெயிண்ட் என்னும் மூடநம்பிக்கை

சிவப்பு நிற மாருதி 800 ஒன்றை எந்தப் பட்டறைக்கு வேண்டுமானாலும் ஓட்டிச் செல்லுங்கள். ஆண்டுக்கணக்கில் வெயிலில் நின்றதில் பானெட்டும் டாப்பும் ரோஸ் நிறத்துக்கு வெளுத்திருக்கும். தடவினால் விரலில் பொடி ஒட்டும். பெயிண்டர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, “பெயிண்ட் போயிருச்சு சார், ஃபுல் பெயிண்ட் அடிச்சிரலாம்” என்பார். வண்டிக்காரரும் மறுபேச்சுப் பேசமாட்டார். அவரும் அதையே நம்பித்தான் வந்திருக்கிறார். வெளுத்துப்போன பெயிண்ட் செத்துப்போன பெயிண்ட் என்ற இந்த நம்பிக்கை பொய். பொய் என்பதோடு நிற்காமல், மறுபடி எந்தப் பட்டறையாலும் செய்து தர முடியாத ஒன்றைத் தினமும் சுரண்டித் தரையில் கொட்டவும் வைக்கிறது.

பெயிண்டில் நிறம் தருவது நிறமி. அதை உலோகத்தின் மேல் பிடித்துவைத்திருப்பது பிசின். வெயிலின் புற ஊதாக் கதிர்களும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து முதலில் மேற்பரப்புப் பிசினைச் சிதைக்கின்றன. பிடியிழந்த நிறமி பொடியாகிறது. மேற்பரப்பு நுண்ணிய அளவில் கரடுமுரடாகி, விழும் ஒளியைச் சிதறடிக்கிறது. மங்கல் என்று நாம் பார்ப்பது பெரும்பாலும் இந்தச் சிதறலைத்தான். இந்தச் சேதம் மேலே உள்ள சில மைக்ரான் ஆழத்தில்தான் மிகுதி. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ப்ரைமரையும் சேர்த்து கம்பெனி பெயிண்டின் மொத்தத் தடிமன் 100 மைக்ரானை ஒட்டி இருக்கும். மேல்தோலில் கண்ட நோய்க்கு, அடியில் நலமாக இருக்கும் அத்தனையையும் பலி கொடுக்கச் சொல்வது என்ன நியாயம்?

இதைச் சோதிக்க ஒரு வாளித் தண்ணீர் போதும். மங்கிய பானெட்டின் மேல் ஊற்றிப் பாருங்கள். ஈரமாக இருக்கும்வரை நிறம் ஆழமாகத் தெரிந்தால், நிறம் உள்ளே இருக்கிறது என்று பொருள். அந்தக் கரடுமுரடைத் தண்ணீர் தற்காலிகமாக நிரப்பியிருக்கிறது. மண்ணெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் தடவிப் பளபளப்புக் காட்டுவது இதே வித்தைதான். இரண்டு நாளில் தூசி அப்பிக்கொள்ளும். அதைப் பழுதுபார்ப்பு என்று யாரும் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

அடுத்து, வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலீஷை எடுத்து ஓர் ஓரத்தில் தேய்க்க வேண்டும். துணியில் வண்டியின் நிறம் ஏறினால் அது கிளியர் என்னும் நிறமற்ற மேல்பூச்சு இல்லாத ஒற்றை அடுக்குப் பெயிண்ட். பழைய சாலிட் நிற வண்டிகளில் பெரும்பாலும் இதைத்தான் காணலாம். மங்கிய மேல்பொடியை எடுத்துவிட்டால் அடியில் அதே நிறம் காத்திருப்பதால், மீட்பதற்கு இதைவிட இணக்கமான பெயிண்ட் கிடையாது. நிறம் ஏறாவிட்டால் மேலே கிளியர் இருக்கிறது. கிளியர் மங்கி மட்டும் இருந்தால் அதையும் மீட்கலாம். திட்டுத்திட்டாக வெளுத்து உரிய ஆரம்பித்துவிட்டால் எந்தப் பாலீஷும் உதவாது. துரு கொப்பளித்த இடமும், ப்ரைமர் வெளியே தெரியும் இடமும் அப்படித்தான். அங்கே பெயிண்ட் அடித்தே ஆக வேண்டும். ஆனால் டாப் உரிந்தால் டாப்புக்கு அடியுங்கள். நான்கு கதவுகளும் என்ன குற்றம் செய்தன?

“புதுசா அடிச்சா புதுசா ஆயிரும்” என்பதுதான் இந்த நம்பிக்கையின் வேர். ஆகாது. இன்றைய ஆலையில் வெறும் உலோகக் கூடாக இருக்கும்போதே பாடி முழுவதையும் ப்ரைமர் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, மூலைமுடுக்கெல்லாம் படியவைக்கிறார்கள். மேல் பெயிண்ட் ஏறக்குறைய 140 டிகிரி சூட்டில் வேகிறது. ஒயரும் ரப்பரும் சீட்டும் பொருத்திய வண்டிக்கு அந்தச் சூட்டை யாராலும் தர முடியாது. நல்ல பட்டறையின் பெயிண்ட் பூத்திலேயே 60, 70 டிகிரிதான். சாதாரணப் பட்டறையில் காற்றில் காய்வதுதான். ஹார்டனர் கலந்த பெயிண்ட் தரமானதுதான், மறுக்கவில்லை. அதன் ஆயுளோ அடியில் தேய்த்த விதத்தையும், பட்டி வைத்த கையையும் பொறுத்தது. கதவு ரப்பரைக் கழற்றாமல் டேப் ஒட்டி அடித்த வண்டியில், அந்த விளிம்பில்தான் பிறகு பெயிண்ட் உரியத் தொடங்குகிறது. விற்கப் போனாலோ, வாங்க வருபவர் மைக்ரான் மீட்டரை வைத்துப் பார்த்து, எந்த விபத்தை மறைக்க அடித்தீர்கள் என்று சந்தேகப்படுகிறார்.

இன்னொன்றை யாரும் பேசுவதில்லை. அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதைச் சுவாசிப்பது தொழில்வழி ஆஸ்துமாவுக்குத் தெரிந்த காரணம். மூக்கில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு மூடிய கொட்டகைக்குள் ஸ்ப்ரே அடிக்கும் பையன்களைப் பார்த்திருப்பீர்கள். பழைய மஞ்சள், சிவப்பு பெயிண்டுகளில் ஈயம் கலந்த நிறமிகள் இருந்ததுண்டு. அவற்றை உலர்வாகத் தேய்த்தால் பறக்கும் தூசியும் அவர்கள் நுரையீரலுக்கே போகிறது. தேவையில்லாத ஒவ்வொரு ஃபுல் பெயிண்டின் விலையிலும் இது சேர்ந்திருக்கிறது.

உலகின் பழைய கார் அன்பர்கள் இதில் எப்போதோ தெளிந்துவிட்டார்கள். பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிவா, 2012-இல் ஏற்ற டுரின் சாசனத்தில், மூலப் பொருளை இயன்றவரை காப்பதையே முதன்மையாக வைக்கிறது. புதுப்பித்தல் அதற்குப் பிறகுதான். அந்த நெறி கோடீஸ்வரர்களின் கார்களுக்கு மட்டும் உரியது என்று நான் நினைக்கவில்லை. ஒரு குடும்பம் முதன்முதலில் வாங்கிய மாருதிக்கும், தாத்தா ஓட்டிய அம்பாசிடருக்கும் அது பொருந்தும்.

“பாலீஷ் போட்டா பெயிண்ட் தேஞ்சிருமே?” என்று கேட்பார்கள். நியாயமான அச்சம். தேயத்தான் செய்யும், அதனால்தான் கணக்காகத் தேய்க்க வேண்டும். வண்டியைக் கழுவி, க்ளே பாரால் ஒட்டிக்கிடக்கும் அழுக்கை எடுத்துவிட்டு, நிழலில், தகடு ஆறியிருக்கும்போது வேலையைத் தொடங்க வேண்டும். முதலில் ஒரு சாண் இடத்தில் மென்மையான பாலீஷ். அது போதாவிட்டால் மட்டும் ரப்பிங் காம்பவுண்ட். எடுத்த எடுப்பில் வாட்டர் பேப்பரைத் தூக்குபவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். பானெட்டின் மடிப்புகளிலும் கதவு விளிம்புகளிலும் பெயிண்ட் மெலிதாக இருக்கும். அங்கே டேப் ஒட்ட வேண்டும். வேகமாகச் சுழலும் ரோட்டரி மெஷினை அனுபவமில்லாத கை பிடித்தால் ஒரே நொடியில் ப்ரைமர் தெரிந்துவிடும். ஒற்றை அடுக்குப் பெயிண்ட் ரொம்பவும் வறண்டிருந்தால், எண்ணெய்ச் சத்துள்ள கிளேஸைத் தாராளமாகத் தடவி ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் தேய்ப்பது பழைய தொழில்காரர்களின் முறை. கடைசியில் வாக்ஸ் அவசியம். அதை விட்டுவிட்டு, ஆறு மாதத்தில் மறுபடி மங்கிவிட்டது என்று பாலீஷின் மேல் பழி போடுவது தவறு. சில மாதங்களுக்கு ஒருமுறை வாக்ஸும், வெயில் காலத்தில் நிழலும் கொடுத்தால் அடுத்த பாலீஷுக்கு அவசரமே வராது.

சிவப்பு முழுசாகத் திரும்பிவிடும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. சில நிறமிகள் வெயிலில் தாமே வெளுத்துவிடும். டாப் கதவைவிட ஒரு சாயல் குறைவாகவே நிற்கலாம். அது அந்த வண்டியின் வயது. அதை மறைக்க நான்கு கதவுகளையும் தகடுவரை சுரண்டத் தேவையில்லை.

பட்டறைக்காரர்களிடம் கேட்பது ஒன்றுதான். ஃபுல் பெயிண்டுக்கு விலை சொல்லும் முன், வண்டிக்காரரின் கண்ணெதிரே பானெட்டில் ஒரு சதுர அடியைத் தேய்த்துக் காட்டுங்கள். கால் மணி நேர வேலை. அதைப் பார்த்த பிறகும் அவர் பெயிண்ட்தான் வேண்டும் என்றால், தாராளமாக அடித்துக் கொடுங்கள்.