முதலில் குண்டு, பிறகு குழல்

வாய்வழியே மருந்து கெட்டிக்கும் ‘மஸில்லோடர்’ ரைஃபிளை வேட்டைக்காக வாங்கப்போகிறவர் முதலில் விசாரிப்பது எந்தக் கம்பெனி நல்லது என்றுதான். அடுத்தது விலை, அதற்கும் அடுத்தது எத்தனை கஜம் அடிக்கும் என்பது. அதில் எந்தக் குண்டைப் போடப்போகிறோம் என்ற கேள்வி, பணத்தைக் கட்டிப் பொருள் வீட்டுக்கு வந்த பிறகே எழுகிறது. குறி சிதறத் தொடங்கியதும் கம்பெனியைக் குறை சொல்கிறோம். இந்த வரிசையைத் திருப்பிப் போடவேண்டும் என்பதே இவ்வுரையின் வாதம். இவ்வகைத் துப்பாக்கியில் துல்லியம் என்பது குண்டுக்கும் குழலுக்குள் வெட்டிய புரிக்கும் உள்ள பொருத்தம். நீடித்து உழைப்பது என்பது சுட்ட அன்றே அதைக் கடைசி அங்குலம்வரை கழுவ முடிகிறதா என்பதைப் பொறுத்தது. மரக்கட்டையின் மெருகும் குழலில் பொறித்த பெயரும் இவ்விரண்டுக்கும் பின்னால்தான் வரவேண்டும்.

குண்டைத் தேர்வதும் முழுக்க நம் விருப்பம் அல்ல. பாதி வேலையைச் சட்டம் செய்துவிடுகிறது. மஸில்லோடருக்கென்று தனிப் பருவம் ஒதுக்கும் அமெரிக்க மாநிலங்கள், அந்தத் துப்பாக்கி எது என்பதை ஆளுக்கொரு விதமாக வரையறுக்கின்றன. கொலராடோவில் அந்தப் பருவத்தில் தொலைநோக்கி பொருத்தக் கூடாது. ‘சாபோ’ எனப்படும் பிளாஸ்டிக் உறையில் பொதிந்த குண்டு கூடாது. வில்லைகளாக அழுத்திய மருந்தும் கூடாது. எல்க், மூஸ் போன்ற பெரிய விலங்குகளுக்குக் குழலின் விட்டம் 0.50 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. பென்சில்வேனியாவில் 1974இல் தொடங்கிய சக்கிமுக்கிப் பருவம் இன்றும் கிறிஸ்துமஸுக்குப் பின் வருகிறது. கேப் வைத்துச் சுடும் துப்பாக்கிக்குக்கூட அதில் இடமில்லை. கலிபோர்னியாவிலோ 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயக் குண்டே கூடாது. ஆகவே ஒரே கடையில் ஒரே விலைக்கு வாங்கிய துப்பாக்கி ஓரிடத்தில் சட்டப்படியானது, எல்லை தாண்டினால் குற்றம். (தமிழ்நாட்டு மலைக் கிராமங்களின் நாட்டுத் துப்பாக்கியும் இதே குடும்பம்தான். ஆனால் 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அங்கே வேட்டைக்கு இடமில்லை என்பதால் இந்தப் பேச்சு அமெரிக்கப் பருவங்களைப் பற்றியது மட்டுமே.)

சட்டம் அனுமதிக்கும் குண்டு எது என்று தெரிந்துவிட்டால் புரியின் கணக்கு எளிது. குண்டு காற்றில் கவிழாமல் போக அதற்குச் சுழற்சி வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பதை அதன் நீளம் தீர்மானிக்கிறது. வுல்விச்சில் கணிதம் கற்பித்த ஜார்ஜ் கிரீன்ஹில் 1879இல் தந்த வாய்பாடு இன்றும் முதல் மதிப்பீட்டுக்குப் போதும்: விட்டத்தின் வர்க்கத்தை 150ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுத்தால், ஒரு முழுச் சுற்றுக்கு எத்தனை அங்குலம் என்பது கிடைக்கும். அரை அங்குல உருண்டைக்கு விட்டமும் நீளமும் ஒன்றே என்பதால் விடை 75 அங்குலம். அதே விட்டத்தில் ஓர் அங்குல நீளமுள்ள ஈயக் குண்டுக்கு விடை பாதியாகி 37.5 அங்குலத்துக்கு வந்துவிடுகிறது. செம்பு ஈயத்தைவிட இலேசானது. அதே எடைக்குச் செம்புக் குண்டு இன்னும் நீளும், அதனால் இன்னும் வேகமான சுற்று கேட்கும். மருந்துக்கு நேர் பின்னாலிருந்து பற்றவைக்கும் இன்றைய இன்லைன் துப்பாக்கிகளில் பெரும்பாலும் 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று இருப்பதற்கும், உருண்டைக்கென்று செய்யும் குழல்களில் 60 முதல் 70 அங்குலம்வரை இருப்பதற்கும் காரணம் இதுதான். புரிக் காடியின் ஆழமும் இத்துடன் சேர்ந்தே மாறுகிறது. உருண்டையைச் சுற்றிய துணி பிடித்துக்கொள்ள ஆழமான காடி வேண்டும். நீளக் குண்டின் ஈயம் தானே காடியில் பதியவேண்டும் என்பதால் அதற்கு ஆழம் குறைவாக இருப்பதே நல்லது.

கம்பெனிப் பெயர் ஏன் கடைசியில் வரவேண்டும் என்பதற்கு ஒரே கம்பெனியின் விலைப்பட்டியலே சாட்சி. லைமன் தன் கிரேட் பிளெய்ன்ஸ் ரைஃபிளை 60 அங்குலச் சுற்றோடு உருண்டைக்காக விற்றது. அதே வடிவத்தை ‘ஹன்ட்டர்’ என்ற பெயரில் 32 அங்குலச் சுற்றோடு நீளக் குண்டுக்காகவும் விற்றது. தோளில் வைத்தால் வேறுபாடு தெரியாது. குண்டை மாற்றிப் போட்டால் இலக்குத் தாளில் தெரிந்துவிடும். பழைய துப்பாக்கி வாங்குகிறவர் இந்த ஒரு வேறுபாட்டை விசாரிக்காமல் விட்டாலே போதும், நல்ல பொருளைப் பழுதென்று ஒதுக்கிவிடுவார்.

துல்லியம் மட்டும் போதுமா என்பதற்கு வரலாற்றில் ஒரு நல்ல வழக்கு இருக்கிறது. 1857 சிப்பாய்க் கிளர்ச்சியில் கொழுப்புத் தடவிய தோட்டாவால் நமக்குப் பெயர் அறிமுகமான என்ஃபீல்டு ரைஃபிளுக்கு 0.577 அங்குலக் குழல், 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அதே 1857இல் இங்கிலாந்தின் ஹைத்தில் அதை எதிர்த்துச் சோதனைக்கு வந்தது ஜோசப் விட்வொர்த்தின் ரைஃபிள். அறுகோணக் குழல், 0.451 அங்குலம், 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று, நீண்ட ஒடுங்கிய குண்டு. தூர இலக்கில் என்ஃபீல்டு அதன் பக்கத்தில்கூட நிற்க முடியவில்லை. ஆனாலும் பிரிட்டிஷ் ராணுவம் விட்வொர்த்தைப் பொதுப் படைக்கலமாக எடுத்துக்கொள்ளவில்லை. விலை பல மடங்கு என்பது ஒரு காரணம். சிறிய குழல் சீக்கிரம் கரியடைத்து, கெட்டிப்பதே கடினமாகிவிட்டது என்பது மற்றொன்று. முதல் குண்டு எங்கே விழுகிறது என்பதோடு அடுத்த குண்டைக் குழலுக்குள் இறக்க முடிகிறதா என்பதையும் பார்த்தார்கள். வேட்டைக்காரருக்கும் அந்த இரண்டாவது கேள்வி உண்டு.

இங்கே எழக்கூடிய முதல் மறுப்பு 48 அங்குலச் சுற்றைப் பற்றியது. தாம்சன் சென்டர் கம்பெனி 1970இல் வெளியிட்ட ஹாக்கன் அந்தச் சுற்றோடுதான் வந்தது; உருண்டை, குறு நீளக் குண்டு இரண்டையும் சுட்டு ஒரு தலைமுறையே அதில் மான் வேட்டையாடியிருக்கிறது; பிறகு இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்பார்கள். நியாயமான கேள்விதான். ஈயத்தில் வார்த்த குறு நீளக் குண்டுக்கு 48 அங்குலம் நன்றாகவே பொருந்தும். மிதமான மருந்தோடு துணி சுற்றிய உருண்டையையும் அது சமாளிக்கும். 75 கஜத்துக்குள் மான், ஒரே துப்பாக்கி, சிக்கனமான கை என்றால் தடையில்லாமல் வாங்கலாம். ஆனால் காடி ஆழமில்லாத அந்தக் குழலில் மருந்தைக் கூட்டினால் உருண்டை புரியைப் பிடிக்காமல் வழுக்கும். நீண்ட செம்புக் குண்டுக்கோ அதன் சுழற்சி போதாது. இரண்டு வேலையையும் சுமாராகச் செய்யும் குழல் என்று தெரிந்து வாங்குவது வேறு. எல்லாவற்றையும் செய்யும் என்று நம்பி வாங்குவது வேறு.

உருண்டையைத் தேர்வதானால் விட்டத்தில் கஞ்சத்தனம் கூடாது. வினாடிக்கு 1,800 அடி வேகத்தில் கிளம்பும் 0.490 அங்குல உருண்டை, 100 கஜத்தில் ஏறத்தாழ 1,000 அடிக்கு இறங்கிவிடும். ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகவே மிஞ்சும். மருந்தைக் கூட்டி இதை ஈடுகட்டுவது கடினம், ஏனென்றால் வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பும் கூடுகிறது. விட்டத்தைக் கூட்டினால் எடை மூன்றாம் அடுக்கில் ஏறும். 0.490 அங்குல ஈய உருண்டை சுமார் 177 கிரெய்ன், 0.530 அங்குலத்தில் அதுவே சுமார் 224 கிரெய்ன். எல்க் வேட்டைக்கு உருண்டைக்காரர்கள் 0.54 குழலை நாடுவது இதனால்தான். இன்லைன் விளம்பரங்களில் வரும் 150 கிரெய்ன் மருந்தும் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. கூடுதல் மருந்தில் ஒரு பகுதி குழலைவிட்டு வெளியே போய் எரிகிறது. தோளில் உதையும் குழலில் கரியும் மட்டும் முழுதாகக் கூடுகின்றன.

இனி உழைப்பு. ஆய்வாளர்கள் நோபிளும் ஏபலும் 1875இல் வெளியிட்ட ஆய்வின்படி, எரிந்த கருமருந்தின் எடையில் பாதிக்கும் மேல் வாயுவாக மாறுவதில்லை. பொட்டாசியம் உப்புகளாகத் தங்குகிறது. ஒரு பகுதி புகையாகப் போனாலும் எஞ்சியது குழலில் படிந்து காற்றின் ஈரத்தை இழுக்கிறது. ஈரமான நாட்டில் ஓர் இரவே துருவுக்குப் போதும். பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்துகளில் பெர்குளோரேட் இருப்பதால் எரிந்தபின் குளோரைடு உப்பு மிஞ்சும். அது இன்னும் பொல்லாதது. ஈயம் மென்மையானது, அது எஃகுக் குழலைத் தேய்ப்பது மிகக் குறைவு. ஆகவே மஸில்லோடர் சுட்டுத் தேய்வது அரிது. கழுவாமல் அரிக்கப்படுவதும், மணல் ஒட்டிய சலாகை வாய் விளிம்பை உரசித் தின்பதுமே அதன் ஆயுளைக் குறைக்கின்றன.

அப்படியானால் ஸ்டெயின்லெஸ் எஃகில் இன்லைன் ஒன்றை வாங்கினால் தீர்ந்ததே என்பது இரண்டாவது மறுப்பு. 1985இல் மிசௌரியின் டோனி நைட் எம்.கே-85ஐ வடிவமைத்தது முதல் இந்த வகை வேரூன்றியதற்குத் தக்க காரணம் உண்டு: அடியை மூடும் பிரீச் பிளக்கைக் கழற்றிவிட்டால் குழலின் இரு முனையும் திறந்துவிடும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கலாம். இதை நான் மனமார ஒப்புக்கொள்கிறேன். சட்டம் இடம் தருமிடத்தில் புதிதாகத் தொடங்குபவருக்கு அதுவே நல்ல தேர்வு. ஆனால் எஃகின் பெயரை நம்பிக் கழுவுவதைத் தள்ளிப்போடக் கூடாது. பல குழல்களில் பயன்படும் 416 வகை, எளிதாகக் கடைவதற்காகக் கந்தகம் சேர்த்தது. சமையலறைப் பாத்திரத்தின் எஃகு அல்ல. குளோரைடு உப்பு அதையும் குழி விழ வைக்கும். பிளக்கின் மரைக்கு இறுகாத பசை பூசாமல் ஒரு பருவம் விட்டுவிட்டால், கழற்றும் வசதியே இல்லாமல் போகும். பிளாக்ஹார்ன் 209 போன்ற நைட்ரோசெல்லுலோஸ் மருந்து துருவைக் குறைக்கிறது, உண்மை. ஆனால் அதைப் பற்றவைக்க 209 பிரைமரின் சூடு வேண்டும், சக்கிமுக்கிக்கு உதவாது. புகையில்லா மருந்தை மட்டும், அதற்கென்றே கட்டிய சாவேஜ் 10எம்.எல்.-2 போன்ற சிலவற்றைத் தவிர, வேறெதிலும் போடவே கூடாது. குழல் வெடித்தால் கையும் கண்ணும் போகும்.

சுத்தியல் பக்கவாட்டில் அமைந்த பழைய பாணிப் பக்கப் பூட்டுத் துப்பாக்கியிலும் கழுவும் வசதியைப் பார்த்து வாங்க வழியுண்டு. கொக்கி வைத்த பிரீச் உடையதில் ஆப்பை உருவிக் குழலைத் தனியே தூக்கி, அடியை வாளி நீரில் வைத்துக் கழுவலாம். சிலவற்றில் குழலைவிடக் குறுகலான மருந்தறை அடியில் இருக்கும். வழக்கமான துடைப்பான் அங்கே எட்டாது, கரி அங்கேதான் தங்கும். அத்தகையதை வாங்கினால் சிறிய தூரிகை ஒன்றையும் சேர்த்தே வாங்கவேண்டும். கேப் மாட்டும் நிப்பிளின் மரை எந்த அளவு என்பதும் அற்பமல்ல. அமெரிக்க கால் அங்குல 28 மரையும் ஐரோப்பிய 6 மி.மீ. மரையும் ஒன்றுக்கொன்று பொருந்தா. தாம்சன் சென்டரை விற்கப்போவதாக ஸ்மித் அண்ட் வெஸன் 2021இல் அறிவித்ததை நினைத்துப் பாருங்கள்: பெரிய பெயரும் கைமாறும், நிற்கும், பொது மரையில் அமைந்த உதிரிப் பாகம் மட்டும் எங்கும் கிடைக்கும்.

வாங்கும் நாளில் சின்ன விளக்கு ஒன்றைக் குழலுக்குள் இறக்கி அடிவரை பாருங்கள், வாய் விளிம்பை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். சுற்று எத்தனை அங்குலம் என்று விற்பவரைக் கேளுங்கள். தெரியாது என்றால் துணி செருகிய சலாகையை உள்ளே தள்ளி, ஒரு கால் சுற்றுக்கு எத்தனை அங்குலம் நகர்கிறது என்று நீங்களே அளந்து நான்கால் பெருக்குங்கள். அளக்க விடமாட்டேன் என்பவரிடம் வாங்க வேண்டாம்.